அலை மோதலும் அயலார் கடமையும்

பேசக் கற்றல் எளிது. பேசாதிருக்கக் கற்றல் அரிது. இவ்வுண்மை மக்கட்கே உரியது என்று யாம் இதுகாறும் எண்ணியிருந்தோம். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் கும்மிடிப்பூண்டியை அடுத்த ஒரு சரக்குக் கிடங்கில் யாம் கண்ட நிகழ்ச்சியொன்று, மக்கள் ஆக்கிய கருவிகளுக்கும் இக்கல்வி இன்றியமையாதது என்பதை எமக்குக் காட்டிற்று. கருவிகள் அதனைக் கல்லாதவிடத்து, அதனால் வரும் இழப்பு ஏழையொருவனுடைய கூலியின்மேல் வந்து விடியும் என்பதையும் உடன் காட்டிற்று. தமிழ் பயிலும் மாணவர்க்கு மின்னலைக் கருவிகளைப்பற்றி எழுத என்ன உரிமை என்று நம் இயற்பியல் வகுப்பு நண்பர்கள் நகைத்தல் கூடும். நகைப்பினும் நகைக்க. அக்கருவிகளின் நடுவே நின்று பிழைப்போர் நம் ஊரார். ஆதலின் அவற்றைப்பற்றி நம் மொழியில் எண்ணுதலும் எழுதுதலும் நமக்கும் கடமையே என்று துணிந்து இதனை வரைகின்றோம்.

யாம் கூறப்புகுவது ஆர்.எப்.ஐ.டி. என்று வழங்கும் அடையாளமுறையைப் பற்றியது. பெயர் சிலருக்குப் புதிதாயினும் பொருள் யாவரும் அறிந்ததே. சென்னையினின்றும் கும்மிடிப்பூண்டி வழியாகத் தடா நோக்கிச் செல்லும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நல்லூர்ச் சுங்கச்சாவடியைக் கடந்தோர், வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக் சீட்டினை மேலிருந்து ஒரு கருவி படித்துக்கொள்ள, தடுப்புக்கட்டை தானே எழுவதைக் கண்டிருப்பர். படிக்கும் கருவியை ரீடர் என்றும், படிக்கப்படுவதை டேக் என்றும் வழங்குவர். முன்னதை யாமும் ரீடர் என்றே கூறுவோம். பின்னதைச் சீட்டு என்போம். நெடுஞ்சாலைச் சுங்கத்திற்கு இம்முறையே ஏற்றதென 2010-ஆம் ஆண்டில் நந்தன் நிலேகனி தலைமையில் அமைந்த குழு பரிந்துரைத்தது. 2021 பிப்ரவரி 15-ஆம் நாள் நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் அது கட்டாயமாயிற்று.

இச்சீட்டினுள் மின்கலம் இல்லை. மணலளவிற் சிறிய ஒரு சில்லும் அதனோடு இணைந்த மெல்லிய உலோக இழையுமே உள்ளன. ரீடர் வீசும் வானொலியலையே சீட்டுக்கு உணவு. அவ்வலையினின்றும் சிறிது ஆற்றலைப் பெற்று அது விழித்தெழுகின்றது. பின்னர் அதே அலையைத் தன் எண்ணுக்கு ஏற்றவாறு ஏற்றியும் இறக்கியும் திருப்பி எறிகின்றது. சீட்டுக்குத் தனிக்குரல் என ஒன்றில்லை. கேட்டவன் குரலின் எதிரொலியே அதன் விடை. இங்ஙனம் திருப்பி எறியப்படும் ஆற்றலைக்கொண்டே செய்தி பேசுதல் கூடும் என ஹாரி ஸ்டாக்மன் என்பார் 1948-ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். அக்கருத்து அங்காடிக்கும் ஆலைக்கும் வர அரை நூற்றாண்டு சென்றது.

இன்று திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியில் இக்கருவிகள் பெருகிவருகின்றன. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்க்கண்டிகையிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் உள. கிழக்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் ஆகிய இடங்களில் துறைமுகங்கள் உள. தெற்கே செங்குன்றம் வரையில் நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடங்குகள் நிரம்பியுள்ளன. துறைமுகத்திற்கும் ஆலைக்கும் கிடங்குக்கும் இடையே ஓயாது ஓடும் சரக்கினைத் தடவிப் பார்த்து எண்ணுதல் இயலாது என்பதனால், முதலாளிகள் ரீடர்களை நாடுகின்றனர். நாடுதல் தக்கதே. ஆனால் ஒரு ரீடர் நன்கு வேலைசெய்யும் இடத்தில் இரண்டு ரீடர்கள் இருமடங்கு நன்றாக வேலைசெய்யும் என்று கொள்ளுதல் பிழை என்பதே யாம் கண்ட நிகழ்ச்சியின் பாடம்.

எம் சிறிய தந்தையார் அப்பகுதிக் கிடங்கொன்றில் சரக்கேற்றும் இடத்தின் மேற்பார்வையாளர். அங்கே லாரிகள் வந்து நிற்கும் கதவுகள் இரண்டு அருகருகே உள்ளன. ஒவ்வொரு கதவின் இருபுறத்தும் ரீடரின் ஆன்டெனாக்கள் நிறுத்தப்பட்டிருந்தன. பேலட் எனப்படும் மரத்தட்டுகளில் அடுக்கிய பெட்டிகளைக் கைவண்டியால் இழுத்துக் கதவைக் கடக்கும்போது, தட்டின்மேல் ஒட்டிய சீட்டு படிக்கப்பட்டு, கணிப்பொறியில் கணக்கேறும். யாம் சென்றிருந்த நாளில் ஒரு லாரியில் 24 தட்டுகள் ஏற்றப்பட்டன. கணிப்பொறியோ 21 என்றது. லாரி நிறுத்தப்பட்டது. இறக்கி எண்ணினர், 24-உம் இருந்தன. இரண்டு மணிநேரம் வீணாயிற்று. தட்டுகளை இழுத்த லோடுமேன்கள் இருவரும் கதவருகே நிதானித்துச் செல்லாமையே காரணம் என மேலாளர் தீர்ப்புக் கூறி, இருவர்க்கும் அரைநாட் கூலியை நிறுத்தினார். அவருள் ஒருவர் ஒடிசாவிலிருந்து வந்தவர், தமிழ் அறியார். தம்மீது சுமத்திய குற்றம் யாதென்பதையே அவர் மாலையில்தான் அறிந்தார்.

அன்றிரவு உணவருந்தும்போது எம் சிறிய தந்தையார் கூறினார்: “தம்பி, ஒரு கதவு மட்டும் வேலைசெய்யும் நாளில் ஒரு தட்டும் தவறுவதில்லை. இரண்டும் சேர்ந்து ஓடும் நாளில்தான் கணக்கு உதைக்கிறது. ஆளும் அதே ஆள். இழுக்கும் வேகமும் அதே வேகம். அப்படியிருக்கக் குற்றம் ஆள்மேலா, கதவுமேலா?” மறுநாள் அவர் ஒரு சோதனை செய்தார். முதற்கதவில் ஒரு தட்டுச் செல்லும்போது இரண்டாங் கதவின் ரீடரை நிறுத்தச் செய்தார். பின்னர் இரண்டாவது செல்லும்போது முதலாவதை நிறுத்தச் செய்தார். அன்று முழுவதும் கணக்கில் ஒரு தட்டும் குறையவில்லை. பின்னர்க் கருவி பழுதுபார்ப்பவர் வந்து நோக்கியபோது, இரண்டு ரீடர்களும் இடைவிடாது, முழு ஆற்றலோடு, ஒரே காலத்தில் அலை வீசிக்கொண்டிருந்தமை தெரிந்தது. ரீடர்கள் திருத்தப்பட்டன. நிறுத்திய கூலி மட்டும் திரும்பவில்லை.

இது நிகழ்ந்தது எங்ஙனம் என்பதை நாம் சிறிது விளங்கிக்கொள்ளல் வேண்டும். ரீடர்களின் மோதல் இருவகைப்படும். முதல்வகையில் ஒரு ரீடரின் உரத்த குரல் மற்றொரு ரீடரின் காதை அடைக்கின்றது. ரீடரின் அலை சீட்டை அடையும்போதே குன்றிவிடும். சீட்டு எறிந்த எதிரொலி திரும்பி வரும்போது மேலும் குன்றும். தொலைவு இருமடங்கானால் ஒருவழி செல்லும் அலையின் ஆற்றல் நாலிலொன்றாகும். போய்மீளும் எதிரொலியின் ஆற்றலோ பதினாறில் ஒன்றாகும். ஆகவே, ஐந்து மீட்டரில் இருக்கும் சீட்டின் விடையைவிட, ஐம்பது மீட்டருக்கு அப்பால் நேரே நோக்கி நிற்கும் மற்றொரு ரீடரின் அலை பன்னூறு மடங்கு வலிதாக வந்து விழும். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியின் அடியில் நின்றுகொண்டு, தெருக்கோடியில் ஒரு குழந்தை முணுமுணுப்பதைக் கேட்க முயல்வார்க்கு நேர்வதே அந்த ரீடருக்கும் நேர்கின்றது. சீட்டுகளைப் படிக்கும் எல்லை சில மீட்டர் அளவே. இடையூறு செய்யும் எல்லையோ அதனினும் பன்மடங்கு நீண்டது.

இரண்டாம் வகையில் இடர்ப்படுவது சீட்டு. ஒரே சீட்டின்மேல் இரண்டு ரீடர்கள் ஒருங்கே பேசினால், அது யாருக்கு விடை கூறும்? நம் வீட்டு வானொலிப்பெட்டி ஒரு நிலையத்தை மட்டும் தெரிந்து, பிறவற்றை விலக்கும் ஆற்றல் உடையது. மலிவான இச்சீட்டுக்கு அவ்வாற்றல் இல்லை. இரண்டு ரீடர்களும் வெவ்வேறு அதிர்வெண்களிற் பேசினும், சீட்டின் செவியில் இரண்டும் ஒன்றாய்க் கலந்து பொருளற்ற இரைச்சலாகும். அது விடை கூறாது வாளா இருக்கும். கணக்கில் ஒரு தட்டுக் குறையும். கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களில் இத்துன்பம் மிகுதி. ஏனெனில் அங்கே கிடங்குகளின் கூரையும் சுவரும் பெரும்பாலும் தகரம்; அடுக்கிய சரக்கிலும் இரும்பு மிகுதி. உலோகம் அலையைத் தெறிக்கச் செய்யும். ஒரு கதவிற்கென வீசிய அலை கூரையிற் பட்டு அடுத்த கதவிலும், அதற்கடுத்த கதவிலும் சென்று விழும்.

கணக்குக் குறைந்தவுடன் மேலாளர் பலர் முதலிற் செய்வது ரீடரின் ஆற்றலை உயர்த்துவதே. இது தீயை நெய்யால் அவிக்க முயல்வதாகும். தன் ஆற்றலை ஒருவன் உயர்த்தினால் அயலானின் ரீடர் செவிடாகும், அவனும் உயர்த்துவான், முடிவில் இருவரும் சட்டம் வகுத்த எல்லையில் வந்து நிற்பர், மோதல் முன்னினும் பெருகியிருக்கும். ஆற்றலைக் குறைத்தலும், ஆன்டெனாவின் முகத்தைத் தன் கதவினளவில் திருப்புதலும், இரு கதவுகளுக்கு இடையே அலையை விழுங்கும் திரை இடுதலும், தட்டு வரும்போது மட்டும் ரீடரை எழுப்பும் ஒளிக்கண் பொருத்துதலுமே முதற்கண் செய்யத்தக்கன. சுங்கச்சாவடியில் அடுத்த வரிசை வண்டியின் சீட்டு தவறிப் படிக்கப்படாமற் காத்தற்கும் ஆற்றலை அளவிடுதலும் ஆன்டெனாவைத் திருப்புதலுமே முதல் மருந்து.

இவற்றிற்கும் அடங்காத மோதலுக்கு அறிஞர் வகுத்த வழிகள் இரண்டு: ஓடை பிரித்தல் ஒன்று, முறை வைத்தல் மற்றொன்று. ஓடை பிரித்தலாவது, ஒவ்வொரு ரீடருக்கும் வேறு அதிர்வெண் ஒதுக்குதல். 2004-ஆம் ஆண்டின் இறுதியில் உறுதிப்பட்டு, பின்னர் உலகப் பொதுத் தரமாகவும் ஏற்கப்பெற்ற இரண்டாந் தலைமுறை விதிகளில், ரீடர்கள் நெருங்கியுள்ள இடங்களுக்கென ஒரு தனி நிலை வகுக்கப்பட்டது. அந்நிலையில், சீட்டின் மெல்லிய விடை ரீடர்களின் உரத்த குரலிலிருந்து சிறிது விலகிய அதிர்வெண்ணில் வரும். ஆதலின் இரைச்சலினின்றும் அதனைப் பிரித்துக் கேட்டல் கூடும். இஃது அழகிய ஏற்பாடே. ஆயினும் இது முதல்வகை மோதலை மட்டுமே தணிக்கும். சீட்டுக்கு அதிர்வெண் வேற்றுமை தெரியாது என மேலே கண்டோமன்றோ? இரு ரீடர்க்கு இடையே அகப்பட்ட சீட்டுக்கு ஓடை பிரித்தலால் பயன் இல்லை. அதனைக் காப்பது முறை வைத்தலே.

முறை வைத்தல் நம் மாவட்டத்திற்குப் புதியது அன்று. ஏரிப்பாசனம் நடக்கும் ஊர்களில் நீர் குறைந்த காலத்தில் எல்லா மடைகளையும் ஒருங்கே திறந்தால், மேல்மடை மிஞ்சும், கடைமடை காயும். ஆதலின் இன்னார் வயலுக்கு இத்தனை நாழிகை என முறைத்தண்ணீர் வகுத்து, அதனை நடத்த நீர்க்கட்டி என்று ஓர் ஆளையும் வைத்தனர். நீர்க்கட்டிக்குத் தன் நிலம், பிறர் நிலம் என்ற வேற்றுமை கூடாது. ரீடர்களின் மோதலைத் தடுக்க இன்றைய அறிஞர் கண்ட வழியும் இதுவே. காலத்தைச் சிறு கூறுகளாகப் பகுத்து, அண்டையிலுள்ள இரு ரீடர்கள் ஒரே கூற்றிற் பேசாதவாறு செய்தலே அதன் சாரம். நாம் நாழிகையாற் பகுத்ததை அவர்கள் நொடியின் கூறுகளாற் பகுக்கின்றனர், வேற்றுமை அவ்வளவே.

இச்சிக்கலுக்கு ரீடர் மோதல் என்று பெயரிட்டு 2002-ஆம் ஆண்டில் முறையாக ஆராய்ந்தோர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த டேனியல் எங்கல்ஸ், சஞ்சய் சர்மா என்போர். பின்னவர் இந்தியாவிற் பிறந்தவர் என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. நாட்டுப்படத்தில் எல்லையை ஒட்டிய இரு நாடுகளுக்கு ஒரே வண்ணம் தீட்டாதிருத்தல்போல, அண்டை ரீடர்களுக்கு ஒரே காலக்கூறு தாராதிருத்தல் வேண்டும் என அவர்கள் இதனை வண்ணந் தீட்டும் கணக்காக மாற்றினர். 2003-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வால்ட்ராப் என்பாரோடு சேர்ந்து கலர்வேவ் என்னும் முறையை வெளியிட்டனர். அம்முறையில் தலைவன் ஒருவன் வேண்டா. ஒவ்வொரு ரீடரும் தனக்கென ஒரு வண்ணத்தை, அஃதாவது ஒரு காலக்கூற்றை, தானே தெரிந்துகொள்ளும். மோதல் நேர்ந்தால் வேறொரு வண்ணத்தைத் தெரிந்து, “இவ்வண்ணம் இனி எனது” என அண்டையாருக்கு அறிவிக்கும். அதே வண்ணத்தை முன்னரே கொண்டிருந்த அண்டை ரீடர் விட்டுக்கொடுத்து வேறொன்றைத் தேடும். மோதல் மிகின் வண்ணங்களின் தொகையைக் கூட்டும், குறையின் குறைக்கும்.

இதனினும் எளிதாய் ஒரு வழி இல்லையா என வினவுவார்க்கு, ‘கேட்டபின் பேசு’ என்னும் விதி உண்டு. பேசுமுன் அவ்வோடையில் வேறொருவர் பேசுகின்றாரா எனச் செவிகொடுத்து, அமைதியாயிருந்தால் மட்டும் பேசுதல் என்பது அதன் பொருள். ஐரோப்பாவில் முதலில் இவ்விதி கட்டாயமாயிருந்தது. பின்னர், ஆற்றல் மிகுந்த ரீடர்களுக்கு நான்கு ஓடைகளை வகுத்து அக்கட்டாயத்தைத் தளர்த்தினர். இவ்விதியில் ஒரு குறை உண்டு. சுவருக்கு இப்பாலும் அப்பாலும் இருக்கும் இரண்டு ரீடர்கள் ஒன்றன் குரலை ஒன்று கேளாதிருக்கலாம்; நடுவே கதவருகில் நிற்கும் சீட்டோ இரண்டையும் கேட்கும். இருவரும் “அமைதி” என நம்பிப் பேசுவர், சீட்டு திகைக்கும். அன்றியும், ஒரு ரீடர் வேறோர் ஓடையிற் பேசும்போது அதனை மற்றது கேளாது, சீட்டோ கேட்கும்.

இக்குறையை நீக்க ஒரு வழி நம் நாட்டிலேயே தோன்றியது என்பது மகிழ்தற்குரியது. மும்பை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த சைலேஷ் பிராரி, ஸ்ரீதர் ஐயர் என்போர் 2005-ஆம் ஆண்டில் பல்ஸ் என்னும் முறையை வெளியிட்டனர். அதன்படி, ஒரு ரீடர் சீட்டுகளைப் படிக்கும் வேளையில், அதற்கெனத் தனியே ஒதுக்கிய மற்றொரு சிற்றோடையில், “யான் படிக்கின்றேன்” என்னும் குறிப்பை விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டேயிருக்கும். அக்குறிப்பு, படிக்கும் எல்லையைக் கடந்து, மோதல் நேரக்கூடிய அண்டையார் யாவரையும் சென்று எட்டும். கேட்ட ரீடர் காத்திருக்கும். குறிப்பு நின்றபின் தன் முறையைத் தொடங்கும். இடம் மாறாத ரீடர்க்கேயன்றிக் கையில் ஏந்தித் திரியும் ரீடர்க்கும் இது பொருந்தும். கிடங்குகளில் இன்று கையேந்து ரீடர்களும் மலிந்துவருதலின் இதன் அருமை விளங்கும்.

அறிஞர் தம் கடமையைச் செய்துவிட்டனர். சட்டம் யாது செய்துள்ளது? நம் அரசு 2005-ஆம் ஆண்டில், 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை இக்கருவிகளுக்கு உரிமமின்றி வழங்கலாம் என விதி செய்தது. செலுத்தும் ஆற்றல் 1 வாட்டையும், பரவும் ஆற்றல் 4 வாட்டையும், ஓடையின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸையும் கடத்தல் கூடாது. 2021-இல் அலைவரிசையின் மேலெல்லை 868 மெகாஹெர்ட்ஸ் ஆயிற்று. அமெரிக்காவிலோ 902 முதல் 928 வரை 26 மெகாஹெர்ட்ஸ் அகலம் உண்டு. அங்கே ரீடர்கள் 50 ஓடைகளில் மாறிமாறித் தாவிப் பேசுகின்றன. முதல் விதியின்படி நமக்கு வாய்த்தவை பத்து ஓடைகளே, விரிந்தபின்னும் பதினைந்தே. குறுகிய தெருவில் வண்டி ஓட்டுவோர் அகன்ற சாலையில் ஓட்டுவோரினும் ஒழுங்கோடு ஓட்டுதல் வேண்டுமன்றோ?

அவ்விதியில் மற்றொரு நிபந்தனை உண்டு. இவ்வலைவரிசையைப் பயன்படுத்துவோர் பிறர்க்கு இடையூறு செய்தல் ஆகாது. பிறரால் தமக்கு இடையூறு நேரின் காப்புக் கோருதலும் ஆகாது. யாவரும் பகிர்ந்து வாழ்தல் வேண்டும் என்பதே அது. இதனை நாம் ஊன்றி நோக்குதல் தகும். உரிமம் பெற்றவன் தன் உரிமையைக் காட்டி வழக்காடலாம். இங்கே எவர்க்கும் தனியுரிமை இல்லை. ஆதலின் வழக்காடவும் இடமில்லை. அண்டைக் கிடங்கின் ரீடர் நம் கதவைச் செவிடாக்கினால், இருவரும் சட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருத்தல் கூடும். பூசலைத் தீர்க்க வேறொருவர் வாரார். அயலார் இருவரும் தாமே கூடிப் பேசித் தீர்த்தல் வேண்டும். அரசு வாளா இருந்துவிட்டது என்று இதனைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. பொதுவுடைமையாக வழங்கிய ஒன்றைப் பொதுவாக ஆளும் பொறுப்பையும் உடன் வழங்கியது என்றே யாம் கொள்கின்றோம். அப்பொறுப்பை நம்மவர் இன்னும் ஏற்றிலர் என்பதே எம் குறை.

ஈண்டுச் சிலர் கூறும் தடைகளுக்கும் விடை கூறுதல் முறை. “புதிய ரீடர்களில் இவையாவும் முன்னரே அமைந்துள்ளன, நாம் கவலுதல் எதற்கு?” என்பர். அமைந்திருத்தல் வேறு, அதனை வழங்குதல் வேறு. நெருங்கிய இடங்களுக்குரிய நிலையில் ரீடரின் விரைவு சற்றுக் குறையும். ஆதலின் விரைவை விரும்புவோர் அந்நிலையைத் தெரிந்துகொள்வதில்லை. சீட்டின் நினைவில் நான்கு தனித்தனி அமர்வுகள் உண்டு. அவற்றால் நான்கு ரீடர்கள் ஒரே சீட்டை ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றன் கணக்கை ஒன்று கலைக்காது எண்ணலாம். ஒருங்கே பேசினால் அவையும் உதவா. “எம் கிடங்கின் ஏற்பாட்டை அயலானுக்கு உரைத்தல் தொழில் மறையை வெளியிடுவதாகும்” என்பர் வேறு சிலர். ரீடர் எந்த ஓடையிற் பேசுகின்றது, எத்துணை ஆற்றலோடு, எத்திசை நோக்கி என்பவற்றால் கிடங்கினுள் இருக்கும் சரக்கு யாதெனத் தெரியவராது. தம் மடை எந்நேரம் திறக்கும் என்பதை அயலான் அறிவதால் எவருடைய நெல்லும் களவு போனதில்லை.

ஆகவே யாம் மூன்று செய்திகளை முன்வைக்கின்றோம். முதலாவது, தொழிற்பேட்டை ஒவ்வொன்றிலும் உள்ள தொழில் நடத்துவோர் சங்கம் ஒரு பதிவேடு வைத்தல் வேண்டும். எந்தக் கட்டடத்தில், எந்தச் சுவரை நோக்கி, எந்த ஓடையில், எவ்வளவு ஆற்றலோடு ரீடர் உள்ளது என்பன அதில் இடம்பெறுக. புதிதாக ரீடர் நிறுத்துவோர் அப்பதிவேட்டை நோக்கி, அண்டையார்க்கு அறிவித்து, பின்னர் நிறுத்துக. சுவர் பொதுவாக உள்ளவிடத்து, இருவரும் காலக்கூறு பகுத்துக்கொள்க. ஊர்ப்பொதுவில் நீர்க்கட்டி ஒருவர் நின்றதுபோல, பேட்டைக்கெல்லாம் பொதுவாய்ப் பொறியாளர் ஒருவரை அமர்த்தினால் இது பெரிய செலவும் ஆகாது.

இரண்டாவது, ஒவ்வொரு கிடங்கும் தன் வீட்டைத் தான் ஒழுங்கு செய்தல் வேண்டும். எம் சிறிய தந்தையாரின் கிடங்கில் நடந்த திருத்தம் பெரிதன்று. இரண்டு ரீடர்களையும் ஒரே கட்டுப்பாட்டின்கீழ் இணைத்து, மாறிமாறிப் பேசச் செய்தனர், ஆற்றலைக் குறைத்தனர், ஒளிக்கண் பொருத்தினர். தட்டு வாராத வேளையில் இன்று அக்கதவுகள் மௌனமாயிருக்கின்றன. ஆயினும் சுவருக்கு அப்பாலுள்ள கிடங்கிலும் ஒரு ரீடர் நிறுத்தப் போகின்றனர் என யாம் ஊர் திரும்பும் நாளில் அறிந்தோம். அதன் முகம் எத்திசை நோக்கும் என்பதை இவர்கள் கேட்கவில்லை. அவர்கள் சொல்லவும் இல்லை. தன் வீட்டளவில் ஒழுங்கு செய்தல் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மூன்றாவதே எம் உள்ளத்திற்கு மிக நெருங்கியது. ரீடரின் கணக்கை மட்டும் சான்றாகக் கொண்டு எவருடைய கூலியையும் நிறுத்துதல் கூடாது. கணக்குக் குறைந்தால் முதலில் கையால் எண்ணுக. பின்னர் அவ்வேளையில் அண்டை ரீடர்கள் பேசினவா என நோக்குக. இறுதியிலேயே ஆளை வினவுக. இன்று நடப்பதோ தலைகீழ். பொறி பொய் கூறாது என்னும் நம்பிக்கையால், வாய் திறந்து பேசக்கூடிய மனிதனின் சொல் தள்ளப்படுகின்றது. பேசிய பொறியின் சொல் ஏற்கப்படுகின்றது. பொறி பொய் கூறாது என்பது மெய்யே. ஆனால் அது கேளாத ஒன்றைக் கேட்டதாகவும் கூறாது. 21 என்று அது காட்டியது, “இருபத்தொன்றையே யான் கேட்டேன்” என்னும் பொருளிலேயாம். “இருபத்தொன்றே உள்ளன” என்று அதற்குப் பொருள் கொண்டவர் மேலாளர். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேற்றுமையால் இருவர் அரைநாட் கூலியை இழந்தனர்.

நம் கல்லூரியிற் பயில்வோர் பலர் நாளை ஆலைகளில் கணக்கராகவும், மேலாளராகவும், பொறியாளராகவும் அமர்வர். பழைய மாணவர் பலர் இன்றே அப்பணிகளில் உள்ளனர். அவர்கட்கு யாம் கூறும் வேண்டுகோள் சிறிது. நும் வாயிலில் ஒரு புதிய ரீடரை நிறுத்தும் நாளில், அது எவ்வளவு தொலைவு படிக்கும் என வினவுவதோடு அமையாது, எவ்வளவு தொலைவு பிறரைக் கெடுக்கும் எனவும் வினவுக. அண்டைக் கிடங்கிற்குச் சென்று, நும் கதவு எத்திசை நோக்குகின்றது என ஒரு சொற் கூறி வருக. கணக்குக் குறைந்த மாலையில், தட்டை இழுத்தவரை அழைக்குமுன் தட்டுகளை ஒருமுறை கையால் எண்ணுக. இதற்கு ஆகும் நேரம் கால் மணி. கூலி இழந்து வீடு திரும்புவோர்க்கு அது ஒருவேளை உணவு.